லாரி முதுகில் எழுதியிருந்த பாஸ்வேர்டு

எங்கள் லாரி ஆபீஸில் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஒரு பாஸ்வேர்டுதான் இருந்தது. அப்பா நாமக்கல்லில் முதன்முதலாக வாங்கிய வண்டியின் நம்பர். டிஎன் 28, பிறகு இரண்டு எழுத்து, பிறகு நான்கு எண். அந்த வண்டி ஓடித்தான் வீடு கட்டினோம், அந்த வண்டி ஓடித்தான் நான் காலேஜ் படித்தேன். அதனால் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளில் "பாஸ்வேர்டு என்னங்க வைக்கிறது?" என்று கேட்டபோது அப்பா யோசிக்கவே இல்லை. மின்னஞ்சலுக்கு அது. ஜிபிஎஸ் பார்க்கிற தளத்துக்கு அது. ஃபாஸ்டேக், டீசல் கார்டு, இ-வே பில், டயர் கம்பெனி டீலர் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுவே. ஏதாவது ஒரு தளம் சிறப்புக்குறி வேண்டும் என்று அடம்பிடித்தால் கடைசியில் ஒரு '@' சேரும். டீசல் கார்டுகளின் பின் நம்பர் என்னவென்று சொல்லவே வேண்டாம். கடைசி நான்கு எண்.

அந்த நம்பர் எங்கே எல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வண்டியின் முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருக்கும். குவாஹாத்திக்கும் லூதியானாவுக்கும் போய் வந்த வண்டி அது. போகிற வழியெல்லாம், டோல்கேட் டோல்கேட்டாக, எங்கள் ஆபீஸ் சாவியை ஊருக்குக் காட்டிக்கொண்டே போயிருக்கிறது.

இது எங்கள் வீட்டுப் பழக்கம் மட்டும் இல்லை. தெரிந்த ஓனர்கள் நான்கைந்து பேரிடம் விசாரித்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் முகம் மாறிப்போய் உடனே மகனுக்கு போன் போட்டார். டிஎன் 28 என்று தொடங்கி இரண்டு எழுத்தும் நான்கு எண்ணுமாக எத்தனை நம்பர் அமைக்க முடியும் என்று கணக்குப் போட்டால் 67 லட்சத்து 60 ஆயிரம் வரும். கேட்க நிறையத்தான் தெரியும். ஒரு தளத்திலிருந்து பாஸ்வேர்டு கோப்பு திருடு போய், அதைப் பழைய முறையில் மேம்போக்காகப் பூட்டி வைத்திருந்தார்கள் என்றால், விளையாட்டுப் பிரியர்கள் வீட்டில் வைத்திருக்கிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றே இத்தனையையும் கண் இமைப்பதற்குள் போட்டுப் பார்த்துவிடும். செல்போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைப்பவர்களுக்கும் இதே கதிதான். 6 முதல் 9 வரை உள்ள எண்ணில் தொடங்கும் பத்து இலக்கம் என்றால் 400 கோடி. அதற்கும் ஒரு நொடி போதும்.

எங்களுக்கு நடந்ததற்கு அந்த அளவு சாமர்த்தியம்கூடத் தேவைப்படவில்லை.

ஒரு வண்டி எஃப்சி வேலைக்காகப் பட்டறையில் பன்னிரண்டு நாள் நின்றது. கேபினில் டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற பெட்டியில் டீசல் கார்டு இருந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிற மாமா என்னைக் கூப்பிட்டு, "அம்மணி, நிக்கிற வண்டி டீசல் குடிக்குமா?" என்று கேட்டார். மூன்று முறை, இரண்டு பெட்ரோல் பங்க்கில், 41,000 ரூபாய்க்கு டீசல் போடப்பட்டிருந்தது. கார்டு மட்டும் அந்தப் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது.

யார் எடுத்தது? பின் நம்பர் யார் யாருக்குத் தெரியும் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். இப்போது இருக்கிற டிரைவர்கள், மாற்று டிரைவர்கள், கிளீனராக இருந்து வேறு வண்டிக்குப் போன பையன்கள், புக்கிங் தம்பி, மாமா, அப்பா, நான். பதினான்கு பேர் வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அந்தப் பட்டறையில் எங்கள் முதல் வண்டியின் நம்பரை வைத்தே ஊகிக்கக்கூடியவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்பாவின் சந்தேகம் அந்த வண்டியை ஓட்டுகிற டிரைவர் அண்ணன் மேல் விழுந்தது. பதினோரு வருஷம் எங்களிடம் இருந்தவர். அப்பா நேராகக் குற்றம் சொல்லவில்லை. "நீ ஏதாச்சும் எடுத்தியாப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் பதில் சொல்லாமல் வண்டிச் சாவியை மேஜையில் வைத்தார். எடுக்கவில்லை என்று நிரூபிக்க அவரிடம் ஒன்றும் இல்லை. எடுத்தார் என்று நிரூபிக்க எங்களிடமும் ஒன்றும் இல்லை. எல்லாரும் ஒரே நம்பரை அடித்தால், அடித்தது யார் என்று எந்தப் பதிவும் சொல்லாது. அடுத்த வாரம் அவர் சங்ககிரியில் வேறு ஓனரிடம் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். 41,000 ரூபாய் போனதை நான் மறந்துவிட்டேன். அந்தச் சாவி மேஜையில் பட்ட சத்தத்தை மறக்க முடியவில்லை.

பாஸ்வேர்டு பற்றி எழுதுகிற எல்லாரும் திருடனைப் பற்றியே பேசுகிறார்கள். திருடாதவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆளுக்கொரு பாஸ்வேர்டு, ஆளுக்கொரு பின் என்று வைப்பது முதலில் வேலை செய்கிறவர்களுக்கான பாதுகாப்பு. இது நான் இல்லை என்று நிமிர்ந்து சொல்ல அது ஒன்றுதான் அவர்களுக்கு வழி. அந்த வழியை அமைத்துக் கொடுப்பது ஓனரின் கடமை. நாங்கள் அமைத்துக் கொடுக்கவில்லை.

இதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்ததில் என்னை உலுக்கியது இங்கிலாந்தில் இருந்த ஒரு லாரிக் கம்பெனியின் கதை. நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தில் ஓல்டு என்று ஒரு கிராமம். அங்கே 1865-ல், குதிரை வண்டிக் காலத்தில் தொடங்கிய கம்பெனி 'நைட்ஸ் ஆஃப் ஓல்டு'. பின்னால் கேஎன்பி என்ற குழுமத்தில் சேர்ந்து கெட்டரிங் ஊரிலிருந்து நடந்தது. சுமார் 500 லாரி. 158 வருஷம். நம்ம ஊரில் 500 லாரி வைத்திருப்பவரை எப்படிப் பார்ப்போம் என்று உங்களுக்கே தெரியும்.

2023 ஜூனில் 'அகிரா' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கும்பல் அவர்களுடைய கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. வேலை செய்கிற ஒருவருடைய பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்திருக்கலாம் என்பதுதான் கம்பெனிக்குக் கிடைத்த விளக்கம். உள்ளே வந்தவர்கள் எல்லாக் கோப்புகளையும் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டார்கள். தொகையைச் சொல்லவில்லை, 50 லட்சம் பவுண்டு வரை இருக்கலாம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் மதிப்பிட்டார்கள். கம்பெனியிடம் அவ்வளவு பணம் இல்லை. சைபர் இன்ஷூரன்ஸ் இருந்தது, ஆனாலும் அது காப்பாற்றவில்லை. கடன் கொடுக்கிறவர்களிடம் காட்ட வேண்டிய கணக்கு விவரங்களே பூட்டுக்குள் போய்விட்டதால் புதிய முதலீடும் கிடைக்கவில்லை. செப்டம்பரில் கம்பெனி மூடப்பட்டது. சுமார் 700 பேருக்கு வேலை போனது. வண்டிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. என்ஜின் ஓடுகிறது, டிரைவர் இருக்கிறார், ரோடு இருக்கிறது. கணக்கும் லோடு விவரமும் இல்லாவிட்டால் லாரிக் கம்பெனி என்பதே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான பால் அபாட் 2025-ல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் பேசினார். அந்த ஊழியருடைய பாஸ்வேர்டு வழியாகத்தான் இது நடந்திருக்கலாம் என்று அவரிடம் தான் சொல்லவே இல்லை என்றார். உங்களால்தான் எல்லாம் போனது என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்கும் என்பதுபோல் அவர் திருப்பிக் கேட்டார். நான் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எங்கள் டிரைவர் அண்ணனையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் வைத்த ஒரு சொல் 158 வருஷத்தைச் சாய்க்கிற மாதிரி ஒரு கம்பெனி கட்டப்பட்டிருந்தால், பிழை அந்தச் சொல்லில் இல்லை. கட்டினவர்களிடம் இருக்கிறது.

எங்கள் ஆபீஸைச் சரிசெய்வதில் முதல் வேலையாக, எங்களுக்கு எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்று எண்ணினோம். பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்று நினைத்தேன். 37 வந்தது. மாமாவின் நோட்டு, தம்பியின் வாட்ஸ்ஆப், பிரவுசர் நினைவில் வைத்திருந்தது என்று தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் போன பையன் பேரில் ஜிபிஎஸ் தளத்தில் ஒரு கணக்கு இன்னும் உயிரோடு இருந்தது. எங்கள் வண்டிகள் இப்போது எந்த ஊரில், எந்த ரோட்டில் நிற்கின்றன என்று அவன் இன்றைக்கும் பார்க்கலாம். அவன் நல்ல பையன், பார்க்கமாட்டான். அவனுடைய போன் யார் கையில் போய்ச் சேரும் என்று யார் சொல்ல முடியும்?

அமெரிக்காவில் 2021 மே மாதம் கலோனியல் பைப்லைன் நின்றுபோனதும் இப்படி மறந்துபோன ஒரு கணக்கால்தான். டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சி வரை சுமார் 8,850 கிலோமீட்டர் பெட்ரோலும் டீசலும் கொண்டுபோகிற குழாய். வெளியிலிருந்து உள்ளே வருவதற்கான ஒரு பழைய விபிஎன் கணக்கு, யாரும் பயன்படுத்தாதது, மூடப்படாமல் கிடந்தது. அதன் பாஸ்வேர்டு வேறெங்கோ கசிந்த பட்டியல் ஒன்றில் இருந்தது. இத்தனைக்கும் அது எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு இல்லை என்று கம்பெனியின் தலைவர் செனட் விசாரணையில் சொன்னார். சிக்கலான பாஸ்வேர்டுதான். ஆனால் கசிந்துவிட்டது, அதற்குப் பிறகு ஓடிபி கேட்கிற இரண்டாவது கதவு இல்லை. குழாயை நிறுத்தினார்கள், பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது, உள்ளே புகுந்த கும்பலுக்குச் சுமார் 44 லட்சம் டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதியை அரசு பின்னால் மீட்டது. எனவே 37-ல் 9 கணக்குகளை அன்றைக்கே மூடினோம். பாஸ்வேர்டு மாற்றுவதைவிட முந்தின வேலை இதுதான் என்பது என் கருத்து.

மாற்றுவது பற்றி எங்கள் மாமாவுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. மாசம் மூன்று ஆனால் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பல ஆபீஸ்களில் இன்னும் அப்படித்தான். விளைவு என்ன? கடைசியில் இருக்கிற 1 என்பது 2 ஆகும், 2 என்பது 3 ஆகும். இந்தப் பழக்கத்துக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் பில் பர். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டில் இருந்தவர். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வை, அடிக்கடி மாற்று என்ற அறிவுரை 2003-ல் அவர் எழுதிய ஆவணத்தில் இருந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2017-ல், ஓய்வு பெற்ற பிறகு, அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக அவரே பத்திரிகையிடம் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அதே வருஷம் நிஸ்டும் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. 2025-ல் வந்த புதிய பதிப்பு இன்னும் கறாராக இருக்கிறது. கசிந்தது என்று தெரிந்தால் தவிர, நாள் குறித்து மாற்றச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. குறிகளைக் கலக்கச் சொல்லியும் வற்புறுத்தக் கூடாது. பாஸ்வேர்டு ஒன்றை மட்டுமே நம்பும் இடத்தில் அதன் நீளம் குறைந்தது 15 எழுத்து இருக்க வேண்டும்.

15 எழுத்து என்றதும் தம்பி, "எப்படிங்க்கா ஞாபகம் வெச்சுக்கிறது?" என்றான். 28 கணக்குக்கு 28 நீள பாஸ்வேர்டை எந்த மனிதனாலும் ஞாபகம் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். அதற்கென்று பாஸ்வேர்டு மேனேஜர்கள் இருக்கின்றன. நாங்கள் பிட்வார்டன் எடுத்தோம், வேறு நல்லவையும் உண்டு. தாறுமாறான பாஸ்வேர்டுகளை அதுவே உருவாக்கி, பூட்டி வைத்து, வேண்டிய தளத்தில் அதுவே நிரப்பும். இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. வங்கித் தளம் மாதிரியே போலியாக ஒன்று செய்து நம்மை அங்கே இழுத்தால், முகவரி பொருந்தாததால் அது நிரப்பாது. நம் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறாது. ஞாபகம் வைக்க வேண்டியது அந்தப் பெட்டியைத் திறக்கிற ஒரே ஒரு பாஸ்வேர்டுதான்.

அந்த ஒன்றை எப்படி வைப்பது என்பதற்கு 1995-ல் ஆர்னால்டு ரெய்ன்ஹோல்டு என்பவர் ஒரு வழி சொன்னார். ஐந்து பகடையை உருட்டினால் 7,776 விதமாக விழும். அதனால் 7,776 சொற்கள் உள்ள ஒரு பட்டியல். உருட்டி வருகிற எண்ணுக்கு உரிய சொல்லை எடுத்து, அப்படி ஐந்தாறு சொல்லைக் கோத்தால் பாஸ்வேர்டு. நாமே 'யோசித்து' வைக்கிற எதுவும் நம்மைத் தெரிந்தவர்களால் ஊகிக்கக்கூடியது. பகடைக்கு நம்மைத் தெரியாது. ஐந்து சொல் என்றால் சுமார் 2,84,000 கோடி கோடி சேர்க்கைகள் வரும். அந்தப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்ததால் அப்பாவுக்கு ஒட்டவில்லை. தமிழ் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, பேரனின் விளையாட்டுப் பெட்டியிலிருந்த பகடையை உருட்டி, பக்கமும் வரிசையும் பார்த்துச் சொல் எடுத்தோம். வந்ததை ஆங்கில எழுத்தில் அடிக்கிற மாதிரி எழுதிக்கொண்டோம். எங்களுடையதைச் சொல்லமாட்டேன். மாதிரிக்கு ஒன்று சொல்கிறேன்: அச்சாணி, மழலை, கொடுக்கு, தாழ்வாரம், நெய்தல். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததால் மனம் தானாகவே ஒரு கதை கட்டிக்கொள்கிறது. அப்பா மூன்றே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். பழமொழி, பாட்டு வரி, குறள் அடி எதையும் வைக்காதீர்கள். நமக்கு மனப்பாடமாக இருப்பது எல்லாருக்கும் மனப்பாடம்.

அதை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, வீட்டு பீரோவில் பத்திரங்களோடு வைத்திருக்கிறோம். எழுதி வைப்பது பாவம் என்று ஒரு நினைப்பு ஊரில் இருக்கிறது. மானிட்டரில் ஒட்டுவதுதான் தப்பு. எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிற திருடனால் என் பீரோவைத் திறக்க முடியாது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் அப்பாவும் மாமாவும் ஆபீஸைத் திறக்க வேண்டும் இல்லையா?

இதையெல்லாம்விட எங்களை அதிகம் சிரமப்படுத்தியது இ-வே பில்தான். லாரித் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சரக்கோடு போகிற வண்டிக்கு அந்த பில் இல்லாவிட்டால் வழியில் நிறுத்திவிடுவார்கள். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு. வண்டி பஞ்சராகி, மழையில் மாட்டி, கெடு தாண்டும்போல் இருந்தால் நீட்டிக்க வேண்டும். கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் அதற்கு அவகாசம். நள்ளிரவு கணக்கு என்பதால் ராத்திரி பத்து, பதினொன்றுக்குத்தான் பெரும்பாலும் போன் வரும். 2025 ஏப்ரல் 1 முதல் அந்தத் தளத்தில் எல்லாருக்கும் ஓடிபி கட்டாயம் ஆனது. எங்கள் ஓடிபி வந்தது அப்பாவின் போனுக்கு. அப்பா ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார். பாதுகாப்பு என்ற பேரில் வண்டி நாக்பூருக்கு வெளியே ரோட்டில் நின்றது ஒரு ராத்திரி. டிரைவர் திட்டினார், அவர் திட்டியதில் நியாயம் இருந்தது.

தீர்வு அந்தத் தளத்திலேயே இருந்திருக்கிறது. துணைப் பயனர்களை உருவாக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு, அவரவர் போனுக்கே ஓடிபி. அவர் எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்பதையும் நாமே குறிக்கலாம். தம்பிக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று உருவாக்கினேன். தம்பி வேலையை விட்டுப் போனால் அவனுடையதை மட்டும் மூடினால் போதும், மற்றவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வேலை செய்கிறவனுக்குக் கஷ்டம் கொடுக்கிற பாதுகாப்பை அவன் எப்படியாவது சுற்றிக்கொண்டு போவான். அன்றைக்கு நாக்பூரில் நின்றதைப்போல் இன்னும் இரண்டு முறை நின்றிருந்தால், அப்பாவின் போனையே ஆபீஸ் மேஜையில் லாக் இல்லாமல் விட்டுவிட்டுப் போயிருப்போம்.

ஓடிபி வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்துவிடவும் முடியாது. சலான் வந்திருக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செயலிக் கோப்பை அனுப்பி, அதை நிறுவ வைத்து, போனுக்கு வருகிற எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொள்கிற மோசடி நடந்துகொண்டிருக்கிறது. சலான் என்றால் லாரிக்காரன் பதறிப்போய்த் தொட்டுவிடுவான், அதைத் தெரிந்துதான் அனுப்புகிறார்கள். டிரைவர்கள் எல்லாரையும் டீக்கு உட்கார வைத்து இதை மட்டும் நேரில் சொன்னேன். வாட்ஸ்ஆப்பில் வருகிற எந்தச் செயலியும் வேண்டாம், சலானை அரசுத் தளத்தில் நான் பார்த்துச் சொல்கிறேன், தவறித் தொட்டுவிட்டால் திட்டமாட்டேன், உடனே கூப்பிடுங்கள் என்றேன். பணம் போனால் முதல் வேலை 1930-க்கு போன் என்பதையும் கேபினில் ஒட்டியிருக்கிறோம். திட்டமாட்டேன் என்று சொன்னது முக்கியம் என்று நினைக்கிறேன். அடுத்த வாரமே ஒருவர் கூப்பிட்டார்.

டீசல் கார்டு பின்கள் இப்போது ஒவ்வொன்றும் வேறு வேறு. டிரைவர் மாறினால் பின் மாறும். வண்டி பட்டறைக்குப் போனால் கார்டு ஆபீஸுக்கு வந்து மாமாவிடம் கையெழுத்தாகும்.

போன மாசம் பரமத்தி ரோட்டில் ஒரு டீக்கடையில் அந்த டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தேன். அவர் எழுந்து நின்றார், நான் உட்காரச் சொன்னேன். அப்பா கேட்டது தப்பு, யார் மேலும் சந்தேகம் வரும்படி வைத்திருந்தது எங்கள் தப்பு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னும் அதே நம்பர்தானுங்களா அம்மணி?" என்று கேட்டார்.

"இல்லீங்ணா. எல்லாத்தையும் மாத்தியாச்சு. ஆளாளுக்குத் தனித்தனி."

"அப்பிடியா. இப்பச் சேர்ற பசங்களுக்கு ரோதனை இல்ல" என்றார். டீக்குக் காசு கொடுக்கப் போனேன். விடவில்லை, அவரே கொடுத்தார்.